கோட்டைக் கழற்றினால் முதுகு தெரியும்

ஒரு வெயிஸ்ட்கோட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நல்ல கம்பளித் துணி. பின்பக்கமோ பளபளவென்று மெல்லிய சாட்டின், கோட்டுக்குள்ளே லைனிங்காகப் போடுகிற அதே துணி. அதன் குறுக்கே இரண்டு பட்டைகள், ஒரு சின்ன பக்கிள். முன்னால் ராஜா, பின்னால் பரதேசி. இதில் டெய்லர் நம்மை ஏமாற்றவில்லை. இந்த முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் பிறந்த உடை இது. மேலே கோட்டு இருக்கும், கழுத்தில் டை தொங்கும் என்பதெல்லாம் அதன் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது.

இப்போது அலுவலகங்களில் டை போய்க்கொண்டிருக்கிறது. வெயிலுக்கும் பைக் பயணத்துக்கும் கோட்டும் ஒத்துவருவதில்லை. ஆனால் வெறும் சட்டையோடு போகவும் சிலருக்கு மனம் வருவதில்லை. அவர்கள் சட்டைமேல் வெயிஸ்ட்கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அது சிலருக்கு எடுப்பாக இருக்கிறது. சிலரைப் பார்த்தால் டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் போலத் தோன்றுகிறது. இந்த வித்தியாசம் ஆளின் அழகில் இல்லை, வெட்டில் இருக்கிறது.

உடைகளுக்குப் பிறந்த தேதி கிடைப்பது அபூர்வம். வெயிஸ்ட்கோட்டுக்குக் கிட்டத்தட்ட அது இருக்கிறது: 1666 அக்டோபர் 7. முந்தைய ஆண்டு லண்டனைப் பிளேக் வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் பெருந்தீ நகரத்தைத் தின்றிருந்தது. அந்த நேரத்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் தம் ஆலோசனைச் சபையில், இனி ஒரே மாதிரி உடைதான், அதை மாற்றப்போவதில்லை என்று அறிவித்தார். மறுநாள் சாமுவேல் பீப்ஸ் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிரபுக்களுக்குச் சிக்கனம் கற்பிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பதும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. இன்னொரு நாட்குறிப்புக்காரரான ஜான் ஈவ்லின் இதைப் பாரசீகப் பாணி என்று குறித்தார். அரசவையில் சிலர் மன்னர் இதில் நிலைக்கமாட்டார் என்று பொன் வைத்துப் பந்தயமே கட்டினார்கள். மனித சுபாவம் தெரிந்தவர்கள்.

அந்த முதல் வெயிஸ்ட்கோட் முழங்கால் வரை நீண்டது. இன்று அதைப் பார்த்தால் நமக்கு அடையாளமே தெரியாது. அதே நவம்பரில் பீப்ஸின் காதுக்கு ஒரு வேடிக்கையான செய்தி எட்டியது. பிரான்சின் பதினான்காம் லூயி இந்தப் புதிய ஆங்கில உடையைத் தம் ஏவலாட்களுக்கு மாட்டிவிட்டாராம்! அந்தக் கேலி உண்மையோ புரளியோ, பலித்துவிட்டது. ஓட்டல் பணியாளர்களின் சீருடையாக இன்றும் வெயிஸ்ட்கோட் இருக்கிறது. ஒரு கல்யாண வரவேற்பில் கறுப்பு வெயிஸ்ட்கோட்டோடு, டை இல்லாமல் நின்ற என்னிடம் பெரியவர் ஒருவர் காலி ஜூஸ் டம்ளரை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இது மெல்ல மெல்லக் குட்டையானது, கையும் போனது. ஆனால் மன்னர் நினைத்த சிக்கனம் மட்டும் வரவில்லை. முன்பக்கம் முழுக்கப் பட்டு, பூவேலை, சரிகை. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தறிகளுக்கு அன்னா மரியா கார்த்வெயிட் என்ற பெண்மணி வரைந்து கொடுத்த வடிவத்தில், 1747இல் நெய்த பட்டால் ஆன ஒரு வெயிஸ்ட்கோட் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டின் திறப்பு வழியாகத் தெரிகிற இடத்தில்தான் இந்தப் பவிசெல்லாம். மறைந்துபோகும் முதுகுக்கு லினனோ பருத்தியோ போதும் என்று விட்டுவிட்டார்கள். பரதேசி முதுகின் கதை அங்கிருந்துதான் வருகிறது.

அடுத்த நூற்றாண்டில் கடிகாரத்துக்கு வீடாக மாறியது இந்த உடை. ஒரு பாக்கெட்டில் கடிகாரம், அதன் சங்கிலி பட்டன் காஜாவில். அந்தச் சங்கிலிக்கு விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட்டின் பெயரே நிலைத்துவிட்டது. முதல் உலகப்போருக்குப் பிறகு கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியதும் பாக்கெட்டுக்கு வேலை போயிற்று. இரண்டாம் போர்க்காலத்தில் துணிப் பஞ்சம். 1942இல் பிரிட்டன் ஒரு உடையில் எத்தனை பாக்கெட், எத்தனை பட்டன் என்பதற்குக்கூட வரம்பு வைத்தது. மூன்று உருப்படி சூட் இரண்டு உருப்படியாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி டைக்கு வருவோம். வெயிஸ்ட்கோட்டின் கழுத்து ஆங்கில எழுத்து ‘வி’ போலத் திறந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே டை. சட்டையின் பட்டன் வரிசையை அது மறைக்கிறது, காலரின் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறது. பதிலுக்கு வெயிஸ்ட்கோட் டையின் வாலைப் பறக்காமல் அமுக்கி வைக்கிறது. ஒன்றுக்கொன்று துணை. 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் கோட்டு இல்லாமல் வெயிஸ்ட்கோட்டோடு நின்று, தம் நாட்டுக் கடைகளில் அதற்கு ஒரு மவுசையே உண்டாக்கினார். படங்களை நினைவுபடுத்திப் பாருங்கள்: கோட்டைத்தான் விட்டார், கோடுபோட்ட டையை விடவில்லை.

டையை எடுத்ததும் முதலில் காலர் சரிகிறது. தொளதொளத்த காலர் இரண்டு பக்கமும் விரிந்து, வெயிஸ்ட்கோட்டின் ஓரத்துக்கு மேலே பாதி, உள்ளே பாதி என்று கிடக்கும். டெய்லர்கள் பக்ரம் வைத்து விறைப்பாக்கிய காலரோ, நுனியில் பட்டன் உள்ள காலரோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது ‘வி’யின் ஆழம். டைக்காக வெட்டிய கழுத்து தாழ்ந்திருந்தால் சட்டையின் நெஞ்சுப் பகுதி மொட்டையாகத் தெரியும். டை கட்டாதவர்களுக்குத் திறப்பு மேலேயே முடிய வேண்டும். சட்டையில் ஒரு பட்டனைத் திறந்துவிட்டால் போதும். இரண்டைத் திறந்தால் வில்லன் களை வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தப்பு இடுப்பில் நடக்கிறது. வெயிஸ்ட்கோட்டின் அடி விளிம்பு பேன்ட்டின் பட்டையை மூட வேண்டும். இது பிறந்து வளர்ந்த காலத்தில் பேன்ட் தொப்புள் வரை ஏறி நின்றது. இன்றைய பேன்ட் இடுப்பெலும்பில் தொங்குகிறது. நடுவே நான்கு விரல் அகலத்துக்குச் சட்டை பிதுங்கி நிற்கும். கை தூக்கினால் கேட்கவே வேண்டாம். கோட்டு இருந்தால் மறைத்துவிடும், இல்லையென்றால் இதுதான் முதலில் கண்ணில் படும். உயரமாக ஏறும் பேன்ட்தான் இதற்கு மருந்து.

கடைசிப் பட்டனை மாட்டக்கூடாது என்பது பழக்கம். ஏழாம் எட்வர்ட் மன்னர் வயிறு பெருத்ததால் அதைத் திறந்துவிட்டார், அரசவை பின்பற்றியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும், உட்காரும்போது துணி விரிய இடம் வேண்டும் என்பது கண்கூடு. பல வெயிஸ்ட்கோட்டுகளில் அந்தப் பட்டன் மாட்ட வராதபடியே வெட்டுகிறார்கள்.

டை இல்லாத வெயிஸ்ட்கோட் என்ற கணக்குக்கு நம் நாட்டில் எப்போதோ விடை போட்டாயிற்று. நேரு பெயரோடு ஒட்டிக்கொண்ட, இப்போது பலர் மோடி கோட் என்று சொல்கிற அந்தக் கையில்லாத அங்கியில் ‘வி’ என்ற பள்ளமே கிடையாது. நின்ற காலர், கழுத்து வரை பட்டன். நிரப்ப இடமில்லை, எனவே டையும் தேவையில்லை. மேலே இன்னொரு கோட்டு வராது என்று தெரிந்தே வெட்டியது அது. அதனால் முதுகுக்கும் முன்பக்கத்துத் துணியையே போடுகிறார்கள்.

மேல்நாட்டு வெட்டுதான் வேண்டும் என்றால், துணி வெட்டும் முன்பே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்: கோட்டு போடப்போவதில்லை, கழுத்து கொஞ்சம் மேலே ஏறட்டும், முதுகுக்கும் இதே துணி. கால் மீட்டர் கூடுதலாக வாங்கவேண்டி வரலாம். வாங்கிக் கொடுங்கள்.