உல்லாச விடுதிக்குப் போகிறீர்களா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "இந்த முறை எங்கே போகலாம்?" முன்பெல்லாம் இதற்குப் பதில் சொல்வது சுலபம். காலையில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் மாலையில் திரும்புவோம். வசதி இருந்தால் கேமரன் மலையில் ஓர் இரவு, பினாங்கில் உறவினர் வீட்டில் இரண்டு இரவு. சிலருக்கு வாழ்நாளில் ஒரு தடவை தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரை. இன்றோ நிலை வேறு. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் பெட்டியை உருட்டிக்கொண்டு கேஎல் சென்ட்ரலுக்கு நடந்தே போய், ரயில் ஏறி விமான நிலையத்தில் இறங்கி, பாலித் தீவுக்கோ புக்கெட்டுக்கோ பறந்துவிடுகிறார்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. அம்மாவுக்கு எழுபது வயது நிறைவு. காப்பாருக்கு அருகில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். நான், தம்பி, தங்கை மூவரும் மாதம் ஆளுக்கு 200 வெள்ளி வீதம் இரண்டு ஆண்டுகள் போட்டு வைத்தோம். 14,400 வெள்ளி சேர்ந்தது. தீபாவளிக்கு மறுநாள் கிள்ளானில் எங்கள் வீட்டில் எல்லாரும் கூடினோம்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தம்பி, "மாலைத்தீவு" என்றான். தங்கை, "பாலி" என்றாள். என் மகள், "லங்காவிதான்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதுதான் எங்கள் முதல் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிப் பணம் சேர்த்து வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் இன்று பல. அவர்களுக்கு உதவட்டும் என்று நாங்கள் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

உல்லாச விடுதிகளின் கதை

கடலோரத்தில் தோட்டமும் நீச்சல் குளமுமாக ஓர் இடம், வெளியே போகாமல் அங்கேயே நாலு நாள் இளைப்பாறுவது என்ற பழக்கம் நம் வட்டாரத்துக்கு அப்படியொன்றும் பழையதல்ல. பாலியின் சானூர் கடற்கரையில் தஞ்சொங் சாரி என்னும் சிறு விடுதி 1962-இல் தொடங்கியது. மாலைத்தீவின் முதல் விடுதி 1972-இல் வந்தது. அதன் பெயர் குரும்பா. அந்நாட்டு மொழியில் இளந்தேங்காய் என்று பொருள். நம் 'குரும்பை' நினைவுக்கு வருகிறதல்லவா? நம் நாட்டில் பினாங்கு பத்து பெரிங்கியில் ராசா சாயாங் 1973-இல் திறக்கப்பட்டது. திரெங்கானுவில் மலாய் அரண்மனைகளின் பாணியில் மரத்தால் கட்டப்பட்ட தஞ்சோங் ஜாரா விடுதி, 1983-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதைப் பெற்றது. லங்காவியின் காட்டுக்குள் தாத்தாய் விடுதி 1993-இல் வந்தது. தனித் தீவிலேயே அமைந்த பங்கோர் லாவுட் விடுதியை 1994-இல் திறந்துவைத்தவர் இத்தாலியப் பாடகர் பவரோட்டி.

இவையெல்லாம் பேர் பெற்ற இடங்கள். ஆனால் பேர் பெற்ற இடம் என்பதனாலேயே அது நம் குடும்பத்துக்கு ஏற்ற இடம் ஆகிவிடாது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. மேலே சொன்னவற்றில் சில இடங்களில் ஓர் இரவு வாடகையே அதைத் தாண்டிவிடும் நாட்கள் உண்டு. ஆகவே ஒரு வெள்ளியைக் கொடுக்குமுன் நாலு கேள்வி கேட்பதில் தவறே இல்லை.

யார் போகிறார்கள்?

இடத்தைப் பார்க்குமுன் ஆளைப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர் உடன் வருகிறாரா? மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே நூறு படிகள் இருக்கலாம். மின்சார வண்டி ஓடுகிறதா, கீழ்த்தள அறை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் தண்ணீர் மேல் கட்டிய குடில்கள் வேண்டாம். படத்தில் அழகுதான், ஆனால் கதவைத் திறந்தால் கடல். பெரியவர்களுக்கு மட்டும் என்று குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளாத விடுதிகளும் உண்டு.

எப்போது போகிறீர்கள்?

விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழுமுன் காலண்டரைப் பாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நம் கிழக்குக் கரையில் பருவமழை. ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் கதவடைத்துவிடும். அதே காலத்தில் லங்காவியும் புக்கெட்டும் வெயிலில் பளிச்சென்று இருக்கும். மாலைத்தீவுக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். பாலியிலோ நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. இலங்கையில் இன்னும் விசித்திரம்: தெற்கு, மேற்குக் கரைகளுக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரையும், கிழக்கே திருகோணமலைப் பக்கத்துக்கு மே முதல் செப்டம்பர் வரையும் போக வேண்டும். ஒரே தீவுக்கு இரண்டு பருவம்.

மொத்தம் எவ்வளவு?

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை வேறு, பில்லில் வரும் விலை வேறு. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். நம் நாட்டில் 800 வெள்ளி அறைக்குப் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் 80, எட்டு விழுக்காடு வரி 64. ஆக 944 வெள்ளி. நாலு இரவுக்கு 576 வெள்ளி கூடுதல். இதை யார் முன்னாலேயே சொல்கிறார்கள்? பாலியில் வரியும் சேவையுமாக 21 விழுக்காடு கூட்டுவது வழக்கம். அதோடு வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 2024 முதல் 150,000 ரூப்பியா தீவுக் கட்டணம் செலுத்த வேண்டும். மாலைத்தீவின் பெரிய விடுதிகளில் 2025 முதல் ஆளுக்கு இரவொன்றுக்கு 12 அமெரிக்க டாலர் பசுமை வரியும் உண்டு.

மாலைத்தீவில் இன்னொரு பெரிய செலவு, விமான நிலையத்திலிருந்து விடுதித் தீவுக்குப் போவது. தொலைத் தீவென்றால் கடல் விமானந்தான். அது பகலில் மட்டுமே பறக்கும். நீங்கள் இரவில் போய் இறங்கினால் தலைநகர்ப் பக்கம் ஓர் இரவு தங்க நேரும். அந்த ஓர் இரவுக்கும் பணம் உங்களுடையதே. தம்பி இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்தான். எங்கள் 14,400 வெள்ளி மூன்றாம் நாள் காலையில் தீர்ந்துவிடும் போலிருந்தது. மாலைத்தீவுப் பேச்சை அவனே விட்டுவிட்டான்.

என்ன சாப்பிடுவது?

நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. வெள்ளிக்கிழமை சைவம், சஷ்டி விரதம் என்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார். "சைவ உணவு உண்டா?" என்று மட்டும் கேட்டால் எல்லா விடுதியும் "உண்டு" என்றுதான் சொல்லும். ஆனால் சம்பலில் பெலாச்சான் இருக்கும், கீரையில் சிப்பிச் சாறு விழும், தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு இல்லாத குழம்பு அபூர்வம். "பெலாச்சான், மீன் சாறு, முட்டை எதுவும் வேண்டாம்" என்று பெயர் சொல்லி எழுதி அனுப்புங்கள். வாடகையில் காலைச் சாப்பாடு மட்டுமா, மூன்று வேளையும் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். தனித் தீவில் வெளியே போய் ரொட்டிச் சானாய் வாங்க முடியாது.

படத்தை நம்பாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் ஒரு தீவு விடுதிக்குப் போனோம். 'கடல் தெரியும் அறை' என்று கூடுதல் பணம் கட்டியிருந்தோம். அறைக்குள் போய்ச் சன்னலைத் திறந்தால் எதிரே தண்ணீர்த் தொட்டி. கடல் எங்கே என்று கேட்டேன். பணியாள் குளியலறைக்கு அழைத்துப் போய், மூலையில் நின்று கழுத்தைத் திருப்பிக் காட்டினார். ஆமாம், தெரிந்தது; உள்ளங்கை அகலத்துக்கு! என் மனைவி, "தினமும் குளிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். விடுதி எடுக்கும் படத்தைவிட, அண்மையில் தங்கிப் போனவர்கள் எடுத்த படத்தைப் பாருங்கள். கட்டட வேலை எதுவும் நடக்கிறதா என்றும் கேளுங்கள்.

முகவர் மூலம் போவதானால், சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று சரிபாருங்கள். பாதி விலைக்கு உல்லாசப் பயணம் என்று கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியை நம்பித் தனியாள் கணக்கில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் பலர். பயணத்தை ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதம் செல்லுமா என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

அம்மா சொன்னது

இவ்வளவும் விசாரித்த பிறகுதான், என் மகள் போய்ப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு எங்கே போகணும் பாட்டி?" என்று கேட்டாள்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "சொன்னா சிரிப்பீங்க. துரை பங்களாவுல ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கணும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் தந்தை ரஜூலா கப்பலில் வந்து, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர். சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா தம் அத்தைக்குத் துணையாகத் துரை பங்களாவுக்குத் துணி துவைக்கப் போவாராம். பின்கட்டோடு சரி. முன்வாசல் எப்படி இருக்கும் என்று கடைசி வரையில் பார்த்ததில்லை. பிறகு அந்தத் தோட்டமே துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பங்களாவும் போயிற்று, லயமும் போயிற்று.

துரைமார் வாழ்ந்த வீடுகள் விடுதியாவது புதிதல்ல. கிள்ளான் துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்த அதே பிராங்க் சுவெட்டன்ஹாமுக்காகக் கோலாலம்பூரில் கட்டிய கார்கோசா மாளிகை, 1989-இல் உல்லாச ஹோட்டலாக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டது. இலங்கை மலையகத்திலோ இது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பழைய துரை பங்களாக்கள் சிலவற்றை டில்மா தேயிலைக் குடும்பத்தார் 2005-இல் உயர்தர விடுதிகளாக்கினார்கள். நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில், மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990-களில் ஹோட்டலாயிற்று. இவற்றில் சிலவற்றின் ஓர் இரவு வாடகை, சுற்றியுள்ள மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பல மாதக் கூலிக்குச் சமம். அந்தப் பெண்ணும் நம்மைப் போலவே கங்காணி காலத்தில் கடல் கடந்து வந்தவர்களின் பேத்திதான்.

அந்தப் பெரிய விடுதிகள் எங்களுக்கு எட்டவில்லை. அதே மலைப் பகுதியில் மூன்று அறைகள் கொண்ட ஒரு பழைய தோட்டத்து பங்களா எங்கள் பணத்துக்குக் கிடைத்தது. கொழும்புக்கு மூன்றரை மணி நேர விமானப் பயணம், பிறகு மலைப்பாதையில் நாள் முழுவதும் வேன். முன்வாசலில் வண்டி நின்றதும் அம்மா இறங்காமல் தயங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "போட்டுக்கிட்டே வாங்க மேடம்" என்றார் பணியாள் தம்பி, தமிழில். "மேடமா? அம்மான்னு கூப்பிடு ராசா" என்றார் அம்மா.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கே அம்மா எழுந்துவிட்டார். முப்பது வருஷப் பிரட்டுக்கள வழக்கம் போகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும், கூடை மாட்டிய பெண்கள் கீழ்ப்பாதையில் போனார்கள். அதில் ஒருவர் அந்தப் பணியாளின் தாயார். மாலையில் அவர் எங்களை லயத்துக்கு அழைத்தார். அம்மா அந்த நீண்ட கூரையையும் ஒற்றை அறையையும் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து கூலிக் கணக்குப் பேசினார்கள். அவருடைய மகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு என்று, நாங்கள் எண்ணெய்க் குளியலுக்காக ஒதுக்கியிருந்த பணத்தை அம்மா எடுத்துக் கொடுத்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே வாசகர்களே, விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது பருவத்தைப் பாருங்கள், படியைப் பாருங்கள், வரியைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யாருக்காகப் போகிறீர்களோ அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். நாங்கள் அதைக் கடைசியில் கேட்டோம். முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு மாத வாக்குவாதம் மிஞ்சியிருக்கும்.

திரும்பி வரும் விமானத்தில் அம்மாவிடம், "பங்களா எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த லயத்துல குடிச்ச தேத்தண்ணிதான்பா நாக்குல நிக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவ பேத்தி கேட்ட லங்காவிக்குப் போகலாம். சன்னல்ல கடல் தெரியுமான்னு மட்டும் முதல்லயே கேட்டு வை" என்றார்.