பேட்டரி மேல் பழி

வீராணத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற சேதி காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து வந்ததுமே, கீரப்பாளையத்தில் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வேலை வந்துவிடும். சம்பாவுக்குச் சேறடிக்க வேண்டும். கோடை முழுக்கக் கொட்டகையில் கிடந்த பழைய மாஸ்ஸி, மஹிந்திரா பி-275, ஃபோர்டு வண்டிகளைச் செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. “அண்ணே, பேட்டரி போயிடுச்சு, நல்லதா ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க” என்று போன் வரும்.

போய்ப் பார்த்தால் பல வண்டிகளில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். அதற்குச் சார்ஜ் ஏறுவதுதான் எப்போதோ நின்றிருக்கும். இது ஏன் முன்பே தெரியவில்லை என்றால், டீசல் இன்ஜின் ஓடுவதற்குக் கரண்டே வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். டீசலைப் பீய்ச்சும் பம்பும் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். ஆகவே துளி சார்ஜ் ஏறாவிட்டாலும் வண்டி அந்தி வரை உழும். மறுநாள் காலையில்தான் செல்ஃப் இழுக்காது. அப்போதும் பக்கத்து வயல் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்துவிடுகிறவர்களுக்கு ஒரு பருவம் முழுக்கக் கோளாறே தெரிவதில்லை.

சென்னையில் டிராக்டர் செய்யும் டாஃபே 1960-லும், பாடியில் வண்டி மின்சாமான் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961-லும் தொடங்கப்பட்டன. அந்தத் தலைமுறை வண்டிகளில் சார்ஜ் கொடுப்பது டைனமோ. உள்ளே ஆர்மேச்சர் சுற்றும், அதன் கம்முடேட்டர் மேல் உரசிக்கொண்டு நிற்கும் கார்பன்கள் கரண்டை வெளியே எடுக்கும். அது நேராகப் பேட்டரிக்குப் போகாது. கட்-அவுட் பெட்டி ஒன்று நடுவில் இருக்கிறது. டைனமோவின் வோல்ட் பேட்டரியை மிஞ்சும்போது மட்டும் அது சேர்ந்துகொள்ளும், குறைந்தால் பிரிந்துவிடும். பிரியாமல் ஒட்டிக்கொண்டால், நிற்கிற வண்டியில் பேட்டரி கரண்டு டைனமோவுக்குத் திரும்பப் பாயும். இரவில் பேட்டரி காலியாகும், டைனமோவும் சூடேறிக் கருகும். கட்-அவுட்டை விரலால் அழுத்திவிட்டுச் “சார்ஜ் ஏறுது பாரு” என்று காட்டுகிற மெக்கானிக்குகளை எனக்குப் பிடிக்காது.

முதலில் கையில் எடுக்கவேண்டிய சாமான் மல்டிமீட்டர். இன்ஜினை நிறுத்திப் பேட்டரியில் வைத்தால், நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓட்டி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் 14 வோல்ட்டை ஒட்டி ஏறவேண்டும். ஏறாமல் நின்ற இடத்திலேயே நின்றால் சார்ஜ் இல்லை. அடுத்தது ஃபேன் பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம்போல இறங்கலாம். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது.

பிறகு எர்த். எங்கள் பக்கத்தில் இதற்குத் தனி மரியாதை உண்டு. கேஜ்வீல் போட்டுச் சேறடிக்கிற வண்டியில் சேறு புகாத இடமில்லை. சென்ற சம்பாவில் ஓர் அண்ணன் புதுப் பேட்டரி போட்டும் வண்டி படுத்துக்கொண்டது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் குமிழிலும், இன்னொன்றை டைனமோவின் உடம்பிலும் வைத்து, விளக்குகளைப் போட்டு இன்ஜினை ஓட்டச் சொன்னேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் நின்றது. எர்த் பட்டையைக் கழற்றினால் அடியில் பச்சைப் பூஞ்சணம், அதற்கும் அடியில் சிவப்புப் பெயின்ட். வண்டியை அழகாக்கியவர் போல்ட் உட்காருகிற இடத்தையும் சேர்த்து அழகாக்கிவிட்டார். உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கினேன்.

“இதுக்கா நான் பேட்டரி வாங்குனேன்?” என்றார். என்ன சொல்வது?

பெல்ட்டும் எர்த்தும் சரியென்றால்தான் டைனமோ மேல் கை வைக்கலாம். அதில் டி, எஃப் என்று இரண்டு முனைகள், பெரியது டி. இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, முனைகளைத் துண்டுச் செம்புக்கம்பியால் சேர்த்து, அதற்கும் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்து, ஐட்லிங்கிலிருந்து மெல்லக் கூட்டவேண்டும். முள் தடங்கலில்லாமல் ஏறினால் டைனமோ நலம், கோளாறு கட்-அவுட்டிலோ வயரிலோ இருக்கிறது. 20 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் தேய்ந்தோ சிக்கியோ கிடக்கும். ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயிலைச் சந்தேகிக்கலாம். நெடுநாள் கிடந்த டைனமோவில் மிச்சக் காந்தம் செத்துப்போவதும் உண்டு. வயர்கள் கழன்றிருக்கும்போதே பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் இரண்டொரு விநாடி தொட்டு எடுத்தால் உயிர் வந்துவிடும். சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்த்துக்கொண்டு தொடவும்.

கோளாறே இல்லாத கோளாறு ஒன்று உண்டு. சேத்தியாத்தோப்பு ஆலைக்கு இரவில் கரும்பு அடிக்கிற தம்பி ஒருவர் பழைய வண்டியில் 100 வாட் ஹாலஜன் இரண்டு, மேலே பாட்டு செட்டு வேறு மாட்டியிருந்தார். ஹாலஜன் மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த டைனமோ முழு மூச்சில் சுற்றினாலும் 20 ஆம்பியர் சொச்சம்தான், ஐட்லிங்கில் அதுவும் கிடையாது. ஆலை வாசலில் வரிசையில் நிற்க நிற்கப் பேட்டரிதான் செலவாகும். செட்டைக் கழற்றச் சொன்னேன்.

“பாட்டு இல்லன்னா லோடு ஏத்த ஆளே வரமாட்டாங்கண்ணே.”

கடைசியில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினோம். தினமும் வேலை செய்கிற வண்டிக்கு அதுதான் நல்லது. குறைந்த வேகத்திலும் சார்ஜ் ஏறும், கட்-அவுட் பெட்டியும் தேவையில்லை. ஆனால் மெல்லிய பழைய வயரை அப்படியே விடாமல் பேட்டரி வரைக்கும் தடித்த வயர் இழுக்கவேண்டும். டாஷ்போர்டின் சார்ஜ் பல்பு எரிகிறதா என்றும் பார்க்கவேண்டும். நான் மாட்டிய வகையில் முதல் உசுப்பல் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினால் டையோடு போய்விடும் என்று அவரிடம் சொல்லி, டிரெய்லர் கொக்கியை வெல்டிங் வைக்கும் நாளில் ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றிவிடச் சொல்லி அனுப்பினேன்.