உங்களுக்குத் தெரியுமா? நம் கடலிலும் ஒரு சந்தியாகோ
84 நாள் ஒரு மீனும் படாமல், 85ஆம் நாள் தனியாக ஆழ்கடலுக்குப் போகிறார் கியூபாவின் முதிய மீனவர் சந்தியாகோ. சிக்கியதோ படகைவிட 2 அடி நீளமான மீன். கை கிழிந்தும் கயிற்றை விடவில்லை. ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட நாவலின் கதை இது.

தமிழிலும் இப்படியொரு முதியவர் உண்டு: உவரிக்காரரான ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலில் வரும் தொம்மந்திரை. சந்தியாகோவின் செல்லச் சிறுவன் மனோலின் கரையில் பத்திரமாக இருக்கிறான். இங்கே இளைஞன் சிலுவையும் கூடவே நடுக்கடலில் தத்தளிக்கிறான். அவன் பிழைக்கட்டும் என்று தொம்மந்திரையும் உடனிருக்கும் மற்றொரு மீனவர் கோத்ராவும் தம் உயிரையே விட்டுக்கொடுக்கிறார்கள். என்னை அதிகம் உலுக்கிய வீரம் இது. ஜோ டி குருஸின் அடுத்த நாவல் ‘கொற்கை’ 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.