ஜீப்பின் தரைத்தகடும் நமது முதலீடே!

வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ சரக்கு எடுத்து, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர் என்று மலையில் கடை நடத்தும் நம் வணிகர்களுக்கு ஜீப் என்பது வெறும் வாகனம் அல்ல, நகரும் கிடங்கு. ஏறும்போது அரிசி, சர்க்கரை, உப்பு. இறங்கும்போது காரட், உருளைக்கிழங்கு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு.

சென்ற மழைக்காலத்தில் கீழ்மலையில் நம் வணிகர் ஒருவரின் கடைக்குச் சென்றிருந்தோம். அப்போதுதான் இறக்கிய சர்க்கரை மூட்டைகளில் இரண்டு, அடிப்பக்கம் நனைந்து பாகாகக் கசிந்துகொண்டிருந்தன. தார்ப்பாயில் கிழிசல் இல்லை. ஜீப்பின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளங்கை அகலத்திற்குத் தகடே இல்லை. கீழே மண் தெரிந்தது. சக்கரம் வாரியடித்த தண்ணீர் அந்த வழியாகத்தான் மூட்டையை எட்டியிருக்கிறது.

மூட்டை போனால் பண நஷ்டத்தோடு போயிற்று. ஆனால் இருக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் இதே தகட்டில்தான் இருக்கின்றன. சைலன்சர் குழாய் ஒழுகினால், புகை அந்த ஓட்டை வழியே உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குப் படுதாவை இறக்கிவிட்டு ஓட்டும் நம் மலை வழக்கத்தில் இது உயிருக்கே ஆபத்து.

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கிறது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் மழை ஓய்ந்தாலும் மூடுபனி விடுவதில்லை. இதோடு நம் சரக்கும் சேர்ந்துகொள்கிறது. உப்பு மூட்டை, கருவாட்டுக் கூடை, உர மூட்டை ஆகியவற்றிலிருந்து சிந்தியது விரிப்புக்கு அடியில் தங்கி, ஈரத்தை இழுத்துத் தகட்டை அரிக்கிறது. சாக்கும் ரப்பர் விரிப்பும் அந்த ஈரத்தைக் காயவிடுவதில்லை. தகட்டின் அடியிலுள்ள தாங்கு சட்டங்களில் அடைந்த சேறு கீழிருந்து அரிக்கிறது.

எப்படிச் சரி செய்வது?

முதலில் விரிப்பை எடுத்துக் கழுவிக் காயவிட்டு, சிறு சுத்தியலால் தகடு முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு பொத்தென்று அமுங்கும். அங்கே திருப்புளியால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

மேலாகப் பிடித்த துருவாக இருந்தால், கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, உடனே பிரைமர் அடித்து, காய்ந்தபின் இரண்டு கோட் பெயிண்ட் அடித்தால் போதும்.

ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மூடுவதும், தகரத்தை மேலே வைத்து ரிவிட் அடிப்பதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தகட்டை அளவாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். இணைப்பு முழுவதும் சீலர் பூசி, மேலும் கீழும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். தாங்கு சட்டமும் அரித்திருந்தால், அதை மாற்றாமல் மேல்தகட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ஒரு எச்சரிக்கை. பழைய சி.ஜே. 3பி வகை ஜீப்புகளில் எரிபொருள் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. டேங்கைக் கழற்றித் தள்ளி வைக்காமல் வெல்டிங் வேலையைத் தொடங்க விடாதீர்கள். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

வராமல் தடுக்க

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பே அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து, அண்டர்கோட்டிங் அடித்துவிடுங்கள். துருவின்மேல் அடித்தால் அது துருவை மூடி வளர்க்கவே செய்யும். பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் பழக்கம் வேண்டாம். சில மழையில் அது கழுவிப்போய் மலையின் ஓடையில்தான் சேரும். தரையிலுள்ள வடிகால் துளைகளை அடைக்காதீர்கள். மூட்டைகளைத் தகட்டில் நேரே வைக்காமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். உப்போ உரமோ ஏற்றிய அன்றே தண்ணீர் விட்டுக் கழுவி, விரிப்பைத் தனியே உலர்த்துங்கள்.

வாடகைக்கும் சரக்குக்கும் பதிவான வாகனம் 8 ஆண்டைத் தாண்டினால், ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்த உபயோக வாகனத்திற்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் பட்டறைக்கு ஓடுவதைவிட, மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது மலிவு.

கிடங்கில் எலி ஓட்டை கண்டால் அன்றே அடைக்கிறோம். ஜீப்பின் தரையிலும் அதே கண் இருக்கட்டும். கீழ்மலை நண்பர் இப்போது தரை முழுவதும் புதுத்தகடு போட்டுவிட்டார். ஆன செலவு அதிகம்தான். ஆனால் அதில் பாதி, ஓட்டை சிறிதாக இருந்தபோதே பார்த்திருந்தால் மிஞ்சியிருக்கும் என்று அவரே நம்மிடம் சொன்னார்.