இசைத்தவன் எங்கே?

கொட்டகையிலே விளக்கு அணைந்திருக்கிறது. திரையிலே ஒரு பெண் நீராடிக்கொண்டிருக்கிறாள். துணித்திரைக்கு அப்பால் ஒரு நிழல் அசைகிறது. கத்தி உயர்கிறது. அதே நொடியில் பிடில்கள் கிறீச்சிடுகின்றன! நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ளாதவர் எவர்? பக்கத்தில் இருந்தவர் தோளைப் பற்றாதவர் எவர்? கத்தி உடலிலே பாய்வதை அந்தக் காட்சி நேராகக் காட்டுவதே அரிது. ஆனாலும் குத்துப்பட்டதுபோல் நாம் துடிக்கிறோம். குத்தியது கத்தி அல்ல, தோழர்களே, வில்! பிடில் வாசிப்பவன் கையிலே இருக்கிறதே, அந்த வில்!

1960-ல் வெளிவந்த ‘சைக்கோ’ படத்தைச் சொல்கிறோம். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் டைரக்டர் ஹிட்ச்காக் முதலில் கூறியிருந்தார். தண்ணீர் கொட்டும் ஓசை போதும் என்பது அவர் எண்ணம். பெர்னார்டு ஹெர்மன் என்ற இசையமைப்பாளர் கேட்கவில்லை. எழுதினார், வாசித்துக் காட்டினார். டைரக்டர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். எக்காளம் இல்லை, முரசு இல்லை, குழல் இல்லை. படம் முழுவதற்கும் நரம்புக் கருவிகள் மட்டுமே. உலகம் ஹிட்ச்காக்கைப் பாராட்டிற்று. ஹெர்மனையும் ஓரளவு பாராட்டிற்று. வில்லைப் பிடித்திருந்த கைகளை? அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

படத்துக்குப் பின்னணி இசை எப்படிப் பிறக்கிறது? நம் ஊர் ஸ்டுடியோத் தொழிலாளர்கள் இதனை ‘ரீரிக்கார்டிங்’ என்பார்கள். படம் எடுத்து, வெட்டி, ஒட்டி முடிந்தபிறகு டைரக்டரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து ரீல் ரீலாகப் பார்க்கிறார்கள். இங்கே இசை வேண்டும், இங்கே வேண்டாம், இந்தக் கதவு திறக்கும்போது தொடங்க வேண்டும், அந்தப் பெண் திரும்பும்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். பிறகு இசை எடிட்டர் கணக்கெடுக்கிறார். கணக்கு என்றால் மில்லிலே நூலை எண்ணுவதுபோன்ற கணக்கு! விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 படங்கள். எனவே நிமிடத்துக்கு 90 அடி. பன்னிரண்டு படங்களுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. பிலிம் சுருளிலே அந்த அளவுப்படி ஓட்டை போட்டார்கள். ஓட்டை ஒலிக்கருவியைக் கடக்கும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஓசை வரும். அந்த ஓசையைக் காதிலே மாட்டிய கருவி வழியே கேட்டுக்கொண்டுதான் வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். 1930-களில் ஹாலிவுட்டில் வேரூன்றிய முறை இது. இன்று ஓட்டை போடுவதில்லை, கணினி ‘டிக்’ சொல்கிறது. கணக்கு அதே கணக்குத்தான்.

கலை என்றால் கண்ணை மூடிக் கனவு காண்பது என்று நினைப்பவர்கள் அந்த அறைக்குள் ஒருநாள் போய்ப் பார்க்கட்டும். கண்ணுக்கு முன்னே தாள், காதுக்குள்ளே தட்டு, எதிரே கைவீசுகிறவர், தலைக்கு மேலே ஒலிவாங்கி, ஒவ்வொரு நிமிடத்துக்கும் முதலாளியின் செலவுக் கணக்கு. ஆலைச் சங்கு ஊதாத குறைதான்!

இசை பதிவான பிறகும் வேலை தீர்ந்ததா? இல்லை. டைரக்டர் 30 விநாடிக் காட்சியை 22 விநாடியாக வெட்டிவிடுவார். எட்டு விநாடி இசை தொங்கும். இசை எடிட்டர் கத்தரியை எடுப்பார். எங்கே வெட்டினால் காதுக்குத் தெரியாதோ அங்கே வெட்டி, தட்டோடு தட்டு சேரும்படி ஒட்டுவார். நல்ல தையற்காரன் போட்ட ஒட்டுப்போலே, தேடினாலும் தெரியாது.

வெட்டி ஒட்ட முடியும் என்று கண்டபிறகு முதலாளிமார் மூளையிலே ஒரு யோசனை உதித்தது. ஒரு படத்துக்கு வெட்டி ஒட்டலாம் என்றால், இன்னொரு படத்துக்கு ஏன் ஒட்டக்கூடாது? யுனிவர்சல் கம்பெனி 1935-ல் ‘பிரைட் ஆப் பிராங்கன்ஸ்டைன்’ என்ற படத்துக்கு பிரான்ஸ் வாக்ஸ்மன் என்பவரைக்கொண்டு இசையமைத்தது. மறு ஆண்டு அதே கம்பெனி ‘பிளாஷ் கார்டன்’ என்ற தொடர்படம் எடுத்தது. அங்கே பூதத்துக்காகப் பிறந்த இசை இங்கே விண்வெளி வீரனுக்குத் துணைபோயிற்று! 1954-ல் வந்த ‘கிரியேச்சர் பிரம் தி பிளாக் லகூன்’ கதையைக் கேளுங்கள். ஹான்ஸ் சால்டர், ஹெர்மன் ஸ்டைன், ஹென்றி மான்சினி ஆகிய மூவர் எழுதிய இசை அதிலே உண்டு. திரையிலே பெயர் வந்ததோ, கம்பெனியின் இசைப்பிரிவுத் தலைவர் ஜோசப் கெர்ஷன்சன் ஒருவருக்கு மட்டும். உழைத்தது மூவர், ஒளிர்ந்தது ஒருவர்!

இதிலே ஒரு நுட்பத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மறுபடி பயன்படுத்துவது இரண்டு வகை. எழுதிய தாளை எடுத்து வாத்தியக்காரர்களை மீண்டும் அழைத்து வாசிக்கச் செய்வது ஒன்று. அதிலே வாத்தியக்காரனுக்கு மறுபடி வேலை உண்டு, கூலி உண்டு. பதிவான ஒலிச்சுருளையே எடுத்து அடுத்த படத்திலே ஒட்டிவிடுவது மற்றொன்று. அதிலே அவனுக்கு என்ன உண்டு? தறியிலே நெய்த வேட்டி ஒருமுறைதான் விற்பனையாகும். அடுத்த வேட்டிக்கு நெசவாளி மீண்டும் தறியிலே உட்கார்ந்தே ஆகவேண்டும். ஒலிச்சுருள் அப்படியா? ஒருநாள் உழைப்பை டப்பாவிலே அடைத்து வைத்து, பத்து ஆண்டு விற்கலாம். வாசித்தவன் வீட்டிலே அடுப்பு எரிகிறதா என்று டப்பா கேட்பதில்லை!

இந்த ஆபத்தை அமெரிக்க வாத்தியக்காரர்கள் பட்டு உணர்ந்தவர்கள். ஊமைப்படக் காலத்தில் ஒவ்வொரு பெரிய கொட்டகையிலும் திரைக்குக் கீழே ஒரு வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்கும். 1927-ல் ‘தி ஜாஸ் சிங்கர்’ பேசிற்று, பாடிற்று. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர்கள் தெருவுக்கு வந்தனர். இயந்திரம் வேலையைத் தின்றது. அதனால்தான் அவர்களது சங்கம் பின்னாளில் ஒரு விதியை வற்புறுத்தி வாங்கிற்று: ஒரு படத்துக்குப் பதிவான இசையை இன்னொன்றுக்கு எடுப்பதானால், வாசித்தவனுக்கு மறுபடி பணம் தரவேண்டும்!

ஆனால் சங்கம் என்றால் சச்சரவே இல்லை என்று நாம் பூசி மெழுகப்போவதில்லை. 1950-களில் பழைய படங்கள் தொலைக்காட்சிக்கு விற்பனையாயின. அதற்காக வந்த பணத்தைச் சங்கத் தலைமை, வாசித்தவர் கையிலே கொடுக்காமல் பொது நிதியிலே சேர்த்தது. வேலையற்ற வாத்தியக்காரர்களுக்குக் கச்சேரி வாய்ப்புத் தருவதற்கான நிதி அது. நோக்கம் நல்லதுதான். ஆனால், எங்கள் கை வாசித்தது, எங்களைக் கேளாமல் எடுப்பதா என்று ஹாலிவுட் வாத்தியக்காரர்கள் கொதித்தனர். 1958 பிப்ரவரியில் ஸ்டுடியோக்களில் வேலைநிறுத்தம் வந்தபோது, முதலாளிகளோடு ஒரு சண்டை, தலைமையோடு ஒரு சண்டை என்று இரு முனையிலே நின்றார்கள். பிளவு ஏற்பட்டது, தனிச்சங்கம் பிறந்து தேர்தலிலும் வென்றது. சண்டை முடிந்தபோது ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்த நிரந்தர வாத்தியக் குழுக்களே இல்லாமற்போயின. உரிமை ஒருபுறம் வந்தது, நிரந்தர வேலை மறுபுறம் போயிற்று. தோழர்கள் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

அந்த வேலைநிறுத்தம் நடந்த வேளையிலேதான் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ இசைக்காகக் காத்திருந்தது. ஹெர்மன் எழுதி முடித்துவிட்டார். வாசிக்க ஆளில்லை. கம்பெனி என்ன செய்தது? தாளை இலண்டனுக்கு அனுப்பிற்று. மியூர் மாதீசன் என்பவர் கைவீச, இலண்டன் வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினர். தொடங்கியவர்கள் இடையிலே நிறுத்தினர்! அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நம் தோழர்கள் வில்லைக் கீழே வைத்திருக்கும்போது, நாம் இங்கே வில்லை எடுப்பதா என்று எழுந்துவிட்டனர். முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஒரே தொழில் என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. கிடைத்த வேலையை விட்டார்கள்! கம்பெனி பின்வாங்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு வியன்னா நகருக்குப் போய் மிச்சத்தைப் பதிவு செய்தது. ஒரே படத்தின் இசை, இரண்டு நகரம், இரண்டு குழு. தாம் எழுதியதைத் தாமே நடத்தி வாசிக்க முடியவில்லையே என்று ஹெர்மனுக்கு ஆறாத வருத்தம். அவருடைய வருத்தம் நமக்குப் புரிகிறது. என்றாலும் எழுந்து போன இலண்டன்காரர்கள் பக்கம்தான் நம் மனம் போகிறது.

‘வெர்டிகோ’வின் இசைக்கு அதோடு பயணம் முடியவில்லை. 2011-ல் பிரெஞ்சுக்காரர்கள் ‘தி ஆர்ட்டிஸ்ட்’ என்ற படம் எடுத்தார்கள். பேச்சில்லாத படம், ஆகையால் இசையே பேச்சு. அதன் உச்சக்கட்டத்திலே ஹெர்மன் எழுதிய காதல் இசையை எடுத்து வைத்தார்கள். ‘வெர்டிகோ’வில் நடித்த கிம் நோவாக் கொதித்தெழுந்து, 2012 ஜனவரியில் ‘வெரைட்டி’ இதழிலே பணம் கட்டிக் கண்டனம் வெளியிட்டார். படக்காரர்கள் திருடினார்களா? இல்லை. முறைப்படி அனுமதி பெற்றார்கள், பெயரும் போட்டார்கள். அம்மையாரின் சீற்றம் அளவு மீறியது என்றே கருதுகிறோம். ஆனால் அடுத்த மாதம் அதே படத்துக்குச் சிறந்த புதிய இசைக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்ததே, அங்கேதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. நெஞ்சை உருக்கும் இடத்திலே ஒலித்தது 1958-ம் ஆண்டு இசை! பரிசோ புதிய இசைக்கு!

நம் நாட்டுக்கு வருவோம். 1977-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. படமுதலாளி பணம் கொடுத்துப் படத்துக்காக இசை எழுதச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கே என்பது அதன் சாரம். முப்பத்தைந்து ஆண்டு அந்த நிலை நீடித்தது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கொட்டகையிலே அந்தப் படத்தோடு ஓடுவது நீங்கலாக, வேறு வழியிலே பயன்படுத்தினால் பாட்டெழுதியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்றார்கள். கையெழுத்து வாங்கி ஏமாற்றும் வித்தைக்கு அது ஒரு பூட்டு. 1991-ல் வந்த ‘குணா’ படத்துப் பாட்டு 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்திலே ஒலித்ததும், இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் பறந்ததும் நாடறிந்த செய்தி. பணத்தாசை என்றனர் சிலர். ஆலைத் தொழிலாளி போனஸ் கேட்டாலும் இதே சொல்லைத்தான் கேட்டிருக்கிறோம்.

மறுபடி பயன்படுத்துவது ஒரு துன்பம் என்றால், பயன்படுத்தாமலே எறிவது இன்னொன்று. படத்தை வெட்டும்போது டைரக்டர்கள் பழைய இசைத்தட்டு எதையாவது தற்காலிகமாக ஒட்டிப் பார்ப்பார்கள். கேட்டுக் கேட்டு அதன்மீதே காதல் கொண்டுவிடுவார்கள். ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்காக அலெக்ஸ் நார்த் இலண்டனில் இராப்பகலாக எழுதினார். உடல் நலம் குன்றி, ஆம்புலன்சிலே படுத்தபடி பதிவுக்கு வந்தார். 1968-ல் படத்தைப் பார்க்க நியூயார்க்கில் போய் உட்கார்ந்தபோதுதான், தம் இசையில் ஒரு துளியும் அதிலே இல்லை என்று அறிந்தார்! டைரக்டர் குப்ரிக் தாம் முன்பு ஒட்டிய பழைய இசைகளையே வைத்துக்கொண்டார். படம் அவற்றோடு பிரமாதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை டைரக்டருக்கு உண்டு, அதையும் மறுக்கவில்லை. உழைத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன தடை?

ஹெர்மனுக்கும் அதே கதி நேர்ந்தது. ‘சைக்கோ’வைக் காப்பாற்றிய அதே ஹெர்மனுக்கு! 1966-ல் ‘டார்ன் கர்ட்டன்’ படத்துக்கு, தட்டு விற்கும்படியான மெட்டு வேண்டும் என்றனர் கம்பெனியார். ஹெர்மன் 12 புல்லாங்குழல், 16 கொம்பு, 9 டிராம்போன் வைத்து இடிபோல முழங்கும் இசையை எழுதிவந்தார். பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ஹிட்ச்காக் அதை நிறுத்தினார். ஜான் அடிசன் என்பவர் அழைக்கப்பட்டார். பல படங்களில் வளர்ந்த கூட்டு அன்றே முறிந்தது. 1975 டிசம்பர் 24-ல், ‘டாக்ஸி டிரைவர்’ இசைப்பதிவை முடித்த சில மணி நேரத்தில், ஹெர்மன் இறந்தார்.

1991-ல் மார்ட்டின் ஸ்கார்சசி ‘கேப் பியர்’ படத்தை மறுபடி எடுத்தார். 1962-ல் வந்த முதற்படத்துக்கு இசை ஹெர்மனுடையது. புதிதாக எழுதத் தெரியாதவரல்ல எல்மர் பெர்ன்ஸ்டைன். ஆனாலும் அவர் அந்தப் பழைய தாள்களையே எடுத்து, புதிய படத்தின் அளவுக்கு வெட்டித் தைத்து, வாத்தியக்காரர்களை உட்காரவைத்து மீண்டும் வாசிக்கச் செய்தார். சில இடங்களுக்குப் பழைய இசை போதவில்லை. அங்கெல்லாம் ‘டார்ன் கர்ட்டன்’ படத்துக்காக எழுதப்பட்டு, ஹிட்ச்காக் வேண்டாமென்று தள்ளிய இசையை எடுத்துச் சேர்த்தார். அமைத்தவர் ஹெர்மன், திருத்தி நடத்தியவர் பெர்ன்ஸ்டைன் என்று திரையிலே தனித்தனியாகவே பெயர் போட்டார்கள்.