தெளிந்த நீரும் தூய நீரும்

ஆழ்குழாய்க் கிணற்று நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கலாம். பருகச் சுவையாகவும் இருக்கலாம். ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத தீங்குகள் அதில் கரைந்திருத்தல் கூடும்.

தெலங்கானா மாநிலத்தின் நல்கொண்டா மாவட்டம் இதற்குச் சான்றாகும். அங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுதி. பாறை இடுக்குகளில் தங்கும் நீரில் அவ்வுப்பு கரைகிறது. அந்நீரைப் பல்லாண்டுகள் பருகிய சிறுவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பலருக்கு எலும்புகள் வளைந்தன. சிலர் நடக்கவும் இயலாதவராயினர். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இத்துன்பம் இருந்தது. அதனைப் போக்கவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் அங்குக் கொண்டு செல்லப்பட்டது.

ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காத இடத்தும் 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது. இஃது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை.

இவ்வளவை எவ்வாறு அறிவது? 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊருக்கு ஐந்து பெண்கள் நீரைச் சோதிக்கப் பயிற்சி பெறுகின்றனர். குழாயில் தேங்கிய நீரை முதலில் வெளியேற்றி, அதன்பின் வரும் நீரைத் தூய குப்பியில் பிடிப்பர். அதில் வேதிக் கரைசலைச் சில துளிகள் சேர்த்தவுடன் நிறம் மாறும். அந்நிறத்தை வண்ண அட்டையுடன் ஒப்பிட்டு ஃபுளோரைடின் அளவை அறிவர். கிருமிகளை அறியத் தனிக் குப்பி உண்டு. ஓரிரு நாளில் அதிலுள்ள நீர் கறுத்தால், அது பருகத் தகாதது. ஐயத்திற்குரிய நீர் ஆய்வகத்திற்கு அனுப்பப்படும்.

நீரைக் கொதிக்கவைத்தால் போதாதா? கொதித்தால் கிருமிகள் அழியும், ஃபுளோரைடு அழியாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு மிகவே செய்யும். சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துக் கலக்கி, கசடு படிந்தபின் நீரை வடிகட்டும் முறை ஃபுளோரைடைக் குறைக்கும். அம்முறை ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர்பெற்றது.

சோதனை முடிவு ஏட்டில் உறங்கினால் பயனில்லை. ஊரார் அனைவரும் அதனை அறிதல் வேண்டும். ஃபுளோரைடு மிகுந்த அடிகுழாய்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசுவது உண்டு. அந்நீர் துணி துவைக்க உதவும்; குடிக்கவும் சமைக்கவும் உதவாது. எழுதப் படிக்க அறியாதவரும் அச்சிவப்பைக் கண்டு விலகிச் செல்வர்.

சொற்பொருள்: புலப்படாத – தெரியாத, ஐயம் – சந்தேகம், செறிவு – அடர்த்தி, கசடு – அடியில் தங்கும் அழுக்கு.