பழைய பெட்ரோல் லாரி வழியில் நின்றால்: குறையைக் கண்டறியும் முறை

விளைபொருளை ஏற்றிச் சந்தைக்குப் புறப்பட்ட லாரி பாதி வழியில் நின்றுவிட்டால், நஷ்டம் லாரிக்கு மட்டும் அன்று. காய்கறி வாடுகிறது, பேசிய விலை தவறுகிறது, ஆட்கூலி வீணாகிறது. அச்சமயத்தில் பலரும் முதலில் செய்யும் காரியம் கார்புரேட்டரைக் கழற்றிப் பிரிப்பதேயாகும். இது பெரும்பாலும் தவறான வழி. வாஷர் ஒன்று தொலைந்தாலும், திருகு ஒன்று நிலை மாறினாலும், இருந்த குறையோடு புதியதொரு குறையும் சேர்ந்துவிடும். பெட்ரோல் டாங்கியிலிருந்து வரும் வழியே நாமும் வரிசையாகச் சோதித்து வந்தால், கார்புரேட்டரை அடையுமுன்பே குறை அகப்பட்டுவிடுவதுண்டு.

1928-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பூட்டப்பட்டு வந்த செவர்லே வண்டிகளை உதாரணமாகக் கொள்வோம். 1940-களின் செவர்லே லாரிகளில் 216 கன அங்குல அளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினும், கார்ட்டர் கார்புரேட்டரும், எஞ்சினாலேயே இயங்கும் பெட்ரோல் பம்பும் இருந்தன. இவ்வகைப் பழைய லாரி எதுவாயினும் சோதனை முறை ஒன்றே.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. பீடி, தீக்குச்சி, எரியும் விளக்கு இவற்றை அருகில் கொண்டுவரலாகாது. எஞ்சின் ஆறிய பின்னரே குழாயைக் கழற்ற வேண்டும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருத்தல் நன்று. கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே எஞ்சினைச் சுழற்றுவோர் உளர். எஞ்சின் பின்வாங்கி வெடித்தால் முகமும் கையும் வெந்துபோகும். குழாயில் வாய்வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுவதும் உயிருக்கு ஆபத்தானது.

குறை பெட்ரோலிலா, மின்பொறியிலா என்பதை முதலில் தெளிய வேண்டும். எஞ்சினை நிறுத்தி, காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, கார்புரேட்டரின் வாயை மேலிருந்து நோக்குக. ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே பெட்ரோல் தாரையாகப் பீறிட வேண்டும். பீறிட்டால் கிண்ணத்தில் பெட்ரோல் உண்டு என்று அறியலாம். அப்பொழுது பிளக்குகளையும் மின்கம்பிகளையும் சோதிக்க. பீறிடாவிடில் கீழ்க்கண்ட வரிசையில் செல்க.

ஒன்று, டாங்கி. அளவு காட்டும் முள்ளை நம்பாமல், சுத்தமான உலர்ந்த குச்சியால் ஆழம் பார்க்க. சில மைல் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தபின் மீண்டும் ஓடும் லாரியாயின், டாங்கி மூடியைத் திறந்து பார்க்க. 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தால் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. இதைச் சுத்தம் செய்யக் காலணாச் செலவும் இல்லை.

இரண்டு, வண்டல் கிண்ணம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமாகையால் அடியில் தங்கும். துருவும் அங்கேயே சேரும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, தக்கை நைந்திருந்தால் மாற்றுக.

மூன்று, பம்பு. கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, சாவியை அணைத்த நிலையில் கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றுக. பெட்ரோல் விட்டுவிட்டு வேகமாகப் பாய வேண்டும். குமிழிகள் வந்தால் டாங்கிக்கும் பம்புக்கும் இடையே காற்று புகுகிறது. பம்பின் அடித்துவாரத்தில் பெட்ரோல் கசிந்தாலோ, எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் நாற்றம் வீசி அளவு ஏறியிருந்தாலோ, உள்ளிருக்கும் டயாப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் லாரியை ஓட்டலாகாது.

கோடையில் மேடேறும்போது நின்று, ஆறியபின் ஓடும் லாரியில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வதும் உண்டு. பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணி சுற்றினால் விரைவில் தெளியும்.

இவையனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டரைத் தொடுக. பிளக்கின் நுனி கரிபடிந்து கறுத்து, புகையும் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி; சோக் ஒட்டிக்கொண்டதா, ஊசி வால்வில் தூசி தங்கியதா, மிதவையில் ஓட்டையா என்று பார்க்க. நுனி வெளுத்து, எஞ்சின் கார்புரேட்டர் வழியே இருமினால் பெட்ரோல் குறைவு; ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்க. கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, பின்னர் எந்நாளும் பெட்ரோல் வீணாகும்.

இக்காலத்துக்குரிய செய்தி ஒன்றையும் அங்கத்தினர் கவனிக்க வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயக் கலப்பு 2025-ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. அது பழைய ரப்பரையும் தக்கையையும் இளக்கி நைக்கவல்லது, ஈரத்தையும் ஈர்க்கும். ஆகையால் பழைய லாரியின் ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயாப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுவதும், நெடுநாள் நிற்கும் லாரியின் டாங்கியில் பழைய பெட்ரோலைத் தேக்கி வையாமலிருப்பதும் அவசியம்.

ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, தேதியுடன் சங்கத்தின் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்க. டிரைவர் மாறினாலும் அப்புத்தகம் சங்கத்திலேயே இருக்கும். மறுமுறை லாரி நின்றால், அடுத்தவர் முதலில் திறக்க வேண்டியது அதுவே.